மெனோபாஸ் கால அறிகுறிகளை ஸ்மார்ட் வாட்ச் கணக்கெடுக்குமா?

சகோதரி, தக்கலைக்கு அருகே ஆசிரியையாகப் பணிபுரிவதாகவும், வயது 47 என்றும், ஓராண்டாக மாதவிடாய் தப்பித் தப்பி வருவதோடு இரவில் திடீரென உடல் கொதித்து, வியர்த்து, உறக்கம் கலைந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளைகுடாவிலிருந்து தம்பி கொடுத்தனுப்பிய ஸ்மார்ட் வாட்ச் இதைப் பதிவு செய்யுமா, விரலில் அணியும் ஸ்மார்ட் மோதிரம் அதைவிட மேலானதா, அந்தப் பதிவுகளை மருத்துவரிடம் காட்டினால் பயன் உண்டா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். கையில் கட்டிய வாட்ச் உங்களுக்கு வரும் ஹாட் ஃபிளஷை, அதாவது திடீரென உடல் சூடேறி வியர்ப்பதை, அறியாது. இதயத் துடிப்பு, தோலின் வெப்பம், கையின் அசைவு என்று அது உடலில் விட்டுச் செல்லும் தடயங்களைத்தான் அறியும். அந்தத் தடயங்கள் வேறு பத்துக் காரணங்களாலும் தோன்றக்கூடியவை. அதே நேரத்தில் நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்ற உங்கள் சொந்தக் குறிப்பு பக்கத்தில் இருந்தால் அந்த எண்களுக்கு மருத்துவ மதிப்பு வருகிறது; இல்லாவிட்டால் அவை வெறும் கோடுகள். ஆகவே வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லமாட்டேன், ஆனால் அதனுடன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஏன் இப்படி என்பதற்கு ஹாட் ஃபிளஷ் எப்படி உண்டாகிறது என்று சற்றே பார்க்கவேண்டும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், உடலின் உள்வெப்பம் ஓர் எல்லைக்கு மேல் போனால் வியர்க்கவும் இன்னோர் எல்லைக்குக் கீழே போனால் நடுங்கவும் செய்கிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே சாதாரணமாக ஓரளவு இடைவெளி உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் அளவு ஏறி இறங்கிக் குறையத் தொடங்கும்போது, நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றித் தூண்டப்படுகின்றன; இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. பிறகு உள்வெப்பத்தில் ஏற்படும் மிகச் சிறிய உயர்வும் உடலுக்குப் பெரிய சூடாகப் படுகிறது. தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, மார்பிலிருந்து கழுத்து, முகம் வரை சூடு ஏறுகிறது, வியர்வை கொட்டுகிறது, கடைசியில் பலருக்கு ஒரு குளிர் நடுக்கமும் வருகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். இந்த நரம்பணுக்களின் வழியையே தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற, ஹார்மோன் அல்லாத மருந்துக்கு 2023 மே மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்ததிலிருந்து, இது மனப்பிரமை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாத நிலை வந்திருக்கிறது.

இந்த ஒன்று முதல் ஐந்து நிமிடம் என்ற கால அளவில்தான் வாட்சின் சிக்கல் தொடங்குகிறது. அதன் அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. ஆனால் மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பல வாட்சுகள், குறிப்பாக விலை குறைந்தவை, பல நிமிடங்களுக்கு ஒருமுறைதான் அளக்கும். மூன்று நிமிடத்தில் வந்து போகும் ஒன்று அந்த இடைவெளிக்குள் முழுதாக மறைந்துவிடலாம். எனவே செயலியின் அமைப்புக்குள் சென்று இதயத்துடிப்பைத் தொடர்ச்சியாக அளக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். மின்கலம் சீக்கிரம் தீரும் என்றாலும் பரவாயில்லை. வார் தளர்ந்திருந்தால் துடிப்புக் கணக்கே தவறிவிடும் என்பதால், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்காமல் ஆனால் ஆடாமல் கட்டவேண்டும்.

வெப்ப அளவீடு இன்னும் ஏமாற்றக்கூடியது. எடுத்துக்காட்டாக, 2022இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8 முதற்கொண்டு மணிக்கட்டின் வெப்பத்தை உறக்கத்தின்போது அளக்கும் வசதி இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து இரவுகளின் பதிவைக் கொண்டு உங்களுக்கென ஓர் அடிநிலையை அது வகுத்துக்கொண்டு, அதன்பின் ஒவ்வோர் இரவுக்கும் அதிலிருந்து எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று ஒரே எண்ணாகக் காட்டுகிறது. இரவு முழுமைக்குமான அந்த ஒற்றை எண்ணில், இரண்டு மணிக்கு வந்து போன சூடு கரைந்துவிடும். காய்ச்சலையோ மாதவிடாய்ச் சுழற்சியின் போக்கையோ கவனிக்க அது உதவும்; எத்தனை முறை வியர்த்து எழுந்தீர்கள் என்பதை எண்ண உதவாது.

ஆய்வுக்கூடங்களில் ஹாட் ஃபிளஷை அளப்பதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் முறை வேறு. மார்பெலும்பின் மேல் இரண்டு மின்முனைகளை ஒட்டி, வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 30 வினாடிக்குள் 2 மைக்ரோமோ (மின்கடத்தலை அளக்கும் அலகு) அளவுக்கு ஏறினால் அதை ஒரு ஹாட் ஃபிளஷ் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஃபிட்பிட் சென்ஸ் 2 போன்ற சில வாட்சுகளும் தோலின் மின்கடத்தலை அளக்கின்றன என்றாலும், அவை மன அழுத்தத்தைக் கண்டறியும் நோக்கத்தில் மணிக்கட்டில் அளப்பவை. மார்பில் அளப்பதும் மணிக்கட்டில் அளப்பதும் ஒன்றல்ல. மார்பில் ஒட்டும் அந்த நுட்பமான கருவி பதிவு செய்யும் எல்லா நிகழ்வுகளையும் பெண்கள் உணர்வதில்லை என்பதும், அவர்கள் உணர்ந்து சொல்பவற்றுள் சில கருவியில் விழுவதில்லை என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கின்றன. கடையில் வாங்கும் வாட்சிடம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு தடை. குளிரூட்டிய அறைகளும் உலர்ந்த காற்றும் உள்ள நாடுகளில் உறங்குபவரின் தோலில் திடீரென வியர்வை பூத்தால் அது தனித்துத் தெரியும். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ, மார்ச் முதல் மே வரையிலான புழுக்கத்தில், கடற்காற்றும் நின்றுபோன இரவொன்றில், ஹாட் ஃபிளஷ் இல்லாதவர்களுக்கும் தோல் ஈரமாகவே இருக்கும். காற்றில் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாவதும் மெதுவாகவே நடக்கும். அடிநிலையே உயர்ந்திருக்கும்போது அதன்மேல் எழும் சிறு ஏற்றத்தைக் கருவி பிரித்தறிவது கடினம். நள்ளிரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்ற அரை மணி நேரம், வாட்சின் பதிவில் அப்படியே ஹாட் ஃபிளஷைப் போலத் தோன்றும்: தோல் வெப்பம் ஏறியிருக்கும், அசைவு கூடியிருக்கும், துடிப்பும் சற்று உயர்ந்திருக்கும். கையைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கினாலும் மணிக்கட்டின் வெப்பம் ஏறும். ஆகவே மின்சாரம் போன நேரத்தை நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் குமரி மாவட்டத்துப் பதிவுக்கு அது மிகவும் தேவையான குறிப்பு. ஒரே இரவின் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல், ஒரே வகையான வானிலை நிலவிய இரவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கோடை இரவைத் தென்மேற்குப் பருவமழை இரவோடு ஒப்பிட்டு நோய் குறைந்துவிட்டதாக மகிழ்வதில் பொருளில்லை. குளிர்ந்த அறையில் ஹாட் ஃபிளஷின் எண்ணிக்கையே குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், மழைக்காலத்தில் உண்மையிலேயே கொஞ்சம் குறையவும் கூடும்.

உறக்கத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வாட்ச் உறக்கத்தைப் பெரும்பாலும் அசைவின்மையையும் துடிப்பின் போக்கையும் கொண்டே ஊகிக்கிறது. உறக்க ஆய்வுக்கூடப் பரிசோதனையோடு ஒப்பிட்டால், இவ்வகைக் கருவிகள் உறங்கும் நேரத்தை நன்றாகவே அடையாளம் காண்கின்றன, விழித்திருக்கும் நேரத்தை அடையாளம் காண்பதில்தான் தடுமாறுகின்றன. மூன்று மணிக்கு விழித்து, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடக் கூடாதென்று அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் பெண்ணின் அந்த ஒரு மணி நேரம், செயலியில் உறக்கமாகவே கணக்காகக்கூடும். மெனோபாஸ் காலத்துத் தூக்கமின்மையின் மிகப் பொதுவான வடிவமே இதுதான் என்பது இதில் இருக்கும் முரண். காலையில் செயலி நல்ல மதிப்பெண் கொடுத்திருக்க உங்கள் உடல் அடித்துப் போட்டதுபோல் இருந்தால், உடலை நம்புங்கள். இதற்கு மாறான தொல்லையும் உண்டு. நன்றாக உறங்கியிருந்தும் மதிப்பெண் குறைந்திருப்பதைக் கண்டு கவலைப்பட்டே உறக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களை மருத்துவர்கள் இப்போது அடிக்கடி பார்க்கிறார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த மதிப்பெண்ணைப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்களுக்கு ஒரு சொல்: உங்கள் உறக்க நேரம் முன்னிரவிலேயே தொடங்கி இரண்டு மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்பதைச் செயலியில் பதிந்து வைக்காவிட்டால், அது உங்களை நிரந்தரமாக உறக்கம் குறைந்தவர் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். முந்திரி ஆலையிலோ மீன் வேலையிலோ இருப்பவர்கள் பகலில் வாட்சைக் கழற்றிவிட்டு இரவில் மட்டும் கட்டினாலே போதுமானது. வியர்வையும் சோப்பும் வாருக்கடியில் தங்கினால் தோல் தடித்துச் சிவந்துவிடும். கட்டுமுன் கையையும் வாரையும் துடைத்து உலர்த்திக்கொள்ளவேண்டும்.

நோட்டுப் புத்தகத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. ஹாட் ஃபிளஷுக்கான புதிய மருந்துகளைச் சோதிக்கும் பெரிய ஆய்வுகளிலும் முடிவை அளக்கும் கோலாக இருப்பது பெண்கள் நாள்தோறும் தாமே பதியும் குறிப்புதான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்கு 7 அல்லது ஒரு வாரத்துக்கு 50 என்ற அளவுக்கு நடுத்தரமான அல்லது கடுமையான ஹாட் ஃபிளஷ் வருபவர்களையே அத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பார்கள்; அந்த எண்ணிக்கையைச் சொல்பவரும் அந்தப் பெண்ணே. கோடிக்கணக்கில் செலவழித்து நடக்கும் ஆய்வு நம்புகிற சாட்சியை நாம் நம்பாமல் விடவேண்டியதில்லை.

குறிப்பில் எழுதவேண்டியவை அதிகமில்லை. நேரம், வெறும் சூடா, வியர்வையோடா, செய்த வேலையை நிறுத்தவேண்டி வந்ததா என்ற கடுமை, படபடப்பு இருந்ததா, சற்றுமுன் கொதிக்கக் கொதிக்கச் சாயா குடித்தது, அடுப்படியில் நின்றது, வகுப்பறையில் குரல் உயர்த்த நேர்ந்தது போன்ற சூழல். இரவில் எழுந்து எழுதினால் மீண்டும் உறக்கம் பிடிக்காது என்பவர்கள், வாட்சில் இருக்கும் ஏதாவது ஒரு பொத்தானை அந்தக் கணத்தில் அழுத்தினால் போதும். நிறுத்துக் கடிகாரத்தைத் தொடங்கி நிறுத்தும்போது அந்த நேரத்தைச் சேமித்துக்கொள்ளும் வாட்சாக இருந்தால் அதுவே அடையாளமாகிவிடும். என் பார்வையில் இந்த நேர அடையாளம்தான் வாட்சின் ஆகச் சிறந்த பயன்பாடு. காலையில் அந்த நேரத்தை வைத்துத் துடிப்பின் வரைபடத்தைப் பாருங்கள். அங்கே நிமிடத்துக்கு ஏழு முதல் பதினைந்து துடிப்பு வரை திடீரென ஏறி, சில நிமிடங்களில் இறங்கியிருந்தால், உங்கள் உணர்வும் கருவியின் பதிவும் பொருந்துகின்றன என்று கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு வாரம் இப்படிச் செய்தால் போதிய தகவல் சேர்ந்துவிடும்.

மாதவிடாய் நாள்களையும் கூடவே எழுதுங்கள், ஆனால் செயலி சொல்லும் அடுத்த தேதியை நம்பவேண்டாம். பழைய சுழற்சிகளின் சராசரியைக் கொண்டு வருங்காலத்தைக் கணிப்பதே அதன் வேலை. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளோ அதற்கு மேலோ மாறுபடுவது மெனோபாஸை நோக்கிய மாற்றத்தின் முதற்கட்டத்துக்கும், அறுபது நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராமல் இருப்பது பிற்கட்டத்துக்கும் அடையாளம் என்று மருத்துவம் வரையறுத்திருக்கிறது. அதாவது சராசரி பொய்த்துப்போவதே இந்தப் பருவத்தின் இலக்கணம். சினைமுட்டை வெளிப்பட்ட பிறகு உடல் வெப்பம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்பதைக் கொண்டு சில வாட்சுகள் கருத்தரிக்கும் நாளை ஊகிக்கின்றன; சினைமுட்டை வெளிப்படாமலே பல சுழற்சிகள் கடந்துபோகும் இந்த வயதில் அந்த ஊகத்தைக் கருத்தடைக்கு நம்புவது ஆபத்து. ஐம்பது வயதுக்குக் கீழே மெனோபாஸ் ஆனால் கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டு ஆண்டுகளும், ஐம்பதுக்கு மேல் ஓராண்டும் கருத்தடை தேவை என்பது பொதுவான அறிவுரை.

இப்போது, வாட்ச் சொல்லாத, ஆனால் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டிய பகுதி. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மெனோபாஸ் வருவதால் உங்கள் வயதும் அறிகுறியும் அதோடு பொருந்துகின்றன. ஆனால் இரவில் வியர்ப்பது, படபடப்பு, களைப்பு ஆகிய மூன்றும் வேறு நோய்களுக்கும் பொதுவானவை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே சூடு, இதே வியர்வை, இதே துடிப்பு; ஓய்வு நேரத் துடிப்பு சில வாரங்களாகப் பழைய அளவைவிட நிலையாக உயர்ந்திருப்பதை வாட்ச் காட்டினால், அது வந்து வந்து போகும் ஹாட் ஃபிளஷின் இயல்பு அல்ல என்பதால், உடனே தைராய்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தசோகையிலும் துடிப்பு உயரும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. மாதவிடாய் தப்பி வரும்போதெல்லாம் அதிகமாகப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு மேலும் அதிகம். நீரிழிவுக்குக் கிளிமிப்பிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இரவில் வியர்த்து எழுந்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று விரல்நுனி இரத்தத்தில் அப்போதே பார்க்கவேண்டும். தோலைக் குத்தாமலே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்சுகளையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருப்பதை இங்கே நினைவூட்டுகிறேன். இணையத்தில் மலிவாக விற்கும் வாட்சுகளில் அந்த வசதி தாராளமாக விளம்பரப்படுத்தப்படுகிறது. சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்து, வாட்சில் ஆக்சிஜன் அளவு இரவில் அடிக்கடி இறங்குவதாகவும் தெரிந்தால், மெனோபாஸுக்குப் பின் பெண்களிடம் கூடும் உறக்க மூச்சுத்தடையை நினைக்கவேண்டும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, நீடித்த இருமல் ஆகியவற்றோடு இரவு வியர்வை வந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

எந்தக் கருவியின் பதிவுக்காகவும் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதம் கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், இப்போதே மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போய்த் தலைசுற்றல் வந்தாலும், உடலுறவுக்குப் பின் இரத்தம் பட்டாலும் நேரே மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதற்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, அதோடு வியர்வை என்றால் அது ஹாட் ஃபிளஷா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு 108ஐ அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது செயலியின் ஐம்பது வரைபடங்களைத் திறந்து காட்டவேண்டாம். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரமிராது. ஒரே தாளில், இரண்டு வாரத்தில் பகலில் எத்தனை, இரவில் எத்தனை, அவற்றுள் கடுமையானவை எத்தனை, எத்தனை இரவு உறக்கம் கலைந்தது, கடைசி ஆறு மாதவிடாய்த் தேதிகள், எடுத்துக்கொள்ளும் மருந்துகள் இவ்வளவும் எழுதிக் கொடுங்கள். 45 வயதைக் கடந்தவருக்கு அறிகுறிகளும் மாதவிடாய்ப் போக்குமே பெரும்பாலும் போதுமானவை. ஹார்மோன் அளவு நாளுக்கு நாள் மாறுவதால் அந்த இரத்தப் பரிசோதனையை மருத்துவர் எழுதித் தராவிட்டால் அலட்சியம் என்று எண்ணவேண்டாம். சிகிச்சை தொடங்கியபின் வாட்சும் நோட்டும் இரண்டாம் முறை கைகொடுக்கும். ஹார்மோன் சிகிச்சையோ, ஹார்மோன் அல்லாத மாத்திரையோ, மனநல ஆலோசனையோ எதுவானாலும், தொடங்குமுன் இரண்டு வாரமும் மூன்று மாதம் கழித்து இரண்டு வாரமும் ஒரே முறையில் எழுதியவற்றை ஒப்பிட்டால், குணம் தெரிகிறதா என்று கேட்கும் மருத்துவருக்கு உங்களால் எண்ணோடு பதில் சொல்ல முடியும். நடுவில் உள்ள மாதங்களில் நாள் தவறாமல் எழுதி அலுத்துப்போகத் தேவையில்லை. நடுவயதுப் பெண்களின் உடல்நலத்தைப் பற்றி அமெரிக்காவில் 1996 முதல் நடந்துவரும் ஸ்வான் ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃபிளஷ் வருபவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் என்று தெரியவந்தது. அத்தனை ஆண்டும் கணக்கெழுதிக்கொண்டு யாரும் வாழமுடியாது.

தம்பி கொடுத்தனுப்பிய வாட்ச் என்பதால் ஒன்று கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. அங்கேயே பெட்டியைப் பிரித்து, அவருடைய கணக்கில், அவருடைய வயதும் பாலினமும் உயரமும் பதிந்து இயக்கி அனுப்பியிருந்தால், கணக்கீடுகள் பிசகுவது ஒருபுறமிருக்க, உங்கள் மாதவிடாய்க் குறிப்பும் உறக்கமும் அவருடைய போனில் போய் விழும். முழுவதும் அழித்து, உங்கள் போனில், உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்குங்கள். செயலி கேட்கும் அனுமதிகளில் தொடர்பு எண்கள், இருப்பிடம் போன்று இதற்குத் தொடர்பில்லாதவற்றை மறுத்துவிடலாம்.

மோதிரம் பற்றிய கேள்வி மிஞ்சியிருக்கிறது. ஹாட் ஃபிளஷின்போது விரல்களின் இரத்தக்குழாய்கள் நன்றாக விரிவதால், விரலில் வெப்பத்தையும் துடிப்பையும் அளப்பது தத்துவ அளவில் மணிக்கட்டைவிடத் தெளிவானது. உறங்கும்போது உறுத்தாது என்பதும் உண்மை. ஆனால் அதுவும் தடயத்தையே காட்டும், அதே புழுக்கமும் அதே மின்தடையும் அதையும் குழப்பும், சில நிறுவனங்கள் வாங்கிய விலைக்கு மேல் மாதச் சந்தாவும் கேட்கின்றன. கையில் ஒரு வாட்ச் ஏற்கெனவே இருக்கும்போது மோதிரத்துக்குச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் மிகச் சிறிய பங்கைக் கொண்டு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.